வரத்தும் போக்கும்: உடலில் தங்கிவிடும் வீட்டு வேதிப்பொருள்கள்



சென்ற ஆண்டு ஒருநாள் இரவு ஒன்பது மணிக்கு மேல் என் பழைய மாணவி ஒருத்தி தொலைபேசியில் அழைத்தாள். குரலில் பதற்றம். "மேடம், தவாவில பூசியிருக்கிற மருந்தெல்லாம் தாய்ப்பால்ல வருதாமே. பாப்பாவுக்கு நாலு மாசம்தான் ஆகுது. பால் கொடுக்கிறதை நிறுத்திடட்டுமா?" உடம்பில் சேர்ந்த நஞ்சையெல்லாம் இயற்கையாகவே வெளியேற்றிவிடும் என்று விளம்பரப்படுத்தப்பட்ட பொடி ஒன்றையும் அவள் இரண்டாயிரத்துச் சொச்சம் ரூபாய் கொடுத்து வாங்கி வைத்திருந்தாள். அதைச் சாப்பிடலாமா என்பது அடுத்த கேள்வி.

பாலை நிறுத்தாதே, பொடியைத் திறக்காதே என்று அன்றிரவே சொல்லிவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்பதை அவளுக்கு முழுமையாக விளக்க எனக்குப் பல மாத வாசிப்பு தேவைப்பட்டது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேதியியல் கற்பித்தவள் நான். தவாவில் பூசும் டெஃப்லானைப் பலபடிச் சேர்மங்களின் பாடத்தில் ஒரு வெற்றிக் கதையாக மட்டுமே நடத்தியிருக்கிறேன். அதன் மறுபாதியை வகுப்பில் சொல்லாமல் விட்ட கடன் எனக்கு இருக்கிறது. இந்த உரை அந்தக் கடனுக்காகவும்தான்.

நான் ஏரிப் பாசன ஊரில் பிறந்தவள். ஏரிக்கு வரத்துக்கால் உண்டு, நிறைந்த நீர் வழிந்தோடக் கலிங்கு உண்டு. ஏரியில் எவ்வளவு நீர் நிற்கும் என்பதை இந்த இரண்டும் சேர்ந்தே முடிவு செய்யும். உடலில் ஒரு வேதிப்பொருள் எவ்வளவு தங்கும் என்ற கணக்கும் இதேதான். நாள்தோறும் எவ்வளவு வருகிறது, எவ்வளவு வேகத்தில் போகிறது. நம் வீடுகளில் புழங்கும் செயற்கைப் பொருள்கள் போக்கைப் பொறுத்து இரண்டு சாதியாகப் பிரிகின்றன. இந்தப் பிரிவைப் புரிந்துகொள்ளாமல்தான் ஒரே பொடி எல்லாவற்றையும் வெளியேற்றும் என்று நம்புகிறோம்.

முதல் சாதிக்குக் கலிங்கு அகலம். தகர டப்பாக்களின் உட்பூச்சிலும் ஏடிஎம் சீட்டு போன்ற வெப்பத்தாளிலும் இருக்கும் பிஸ்பீனால்-ஏ, பிளாஸ்டிக்கை நெகிழச் செய்யவும் வாசனை நிலைக்கவும் சேர்க்கும் தாலேட்டுகள், முகப்பூச்சு கெடாமலிருக்கச் சேர்க்கும் பாரபென்கள், கிருமிநாசினி சோப்புகளில் இருந்த டிரைக்ளோசான் ஆகியவை இதில் சேரும். கல்லீரல் இவற்றை நீரில் கரையும் வடிவத்துக்கு மாற்றுகிறது. சிறுநீரகம் வெளியே அனுப்புகிறது. பெரும்பகுதி ஓரிரு நாளில் போய்விடும். பிறகு ஏன் எல்லோருடைய சிறுநீரிலும் எப்போது சோதித்தாலும் இவை இருக்கின்றன? வரத்து ஒருநாளும் நிற்பதில்லை, அதனால்தான்.

இதை அழகாகக் காட்டிய ஆய்வு ஒன்று 2011-இல் வெளியானது. சூழலியல் எழுத்தாளர் ரேச்சல் கார்சனின் நூற்பெயரைத் தன் பெயராகக் கொண்ட சைலன்ட் ஸ்பிரிங் ஆய்வு நிறுவனத்தினர் சான்பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் 5 குடும்பங்களைச் சேர்ந்த 20 பேரை எடுத்துக்கொண்டார்கள். அவர்களுக்கு 3 நாட்கள் டப்பா உணவு இல்லை, பிளாஸ்டிக் உறையில் வந்த உணவு இல்லை. புதிதாகச் சமைத்த உணவு மட்டும். சிறுநீரில் பிஸ்பீனால்-ஏ சராசரியாக 66 விழுக்காடு குறைந்தது. முக்கியமான தாலேட் ஒன்றின் சிதைபொருள்கள் பாதிக்கும் மேல் குறைந்தன. பழைய உணவுக்குத் திரும்பியதும் அளவு மறுபடி ஏறிவிட்டது.

கலிபோர்னியாவின் சலினாஸ் பள்ளத்தாக்கில் 100 பதின்வயதுப் பெண்களிடம் நடந்த இன்னொரு ஆய்வு 2016-இல் வெளியானது. ஆய்வில் உதவியாளர்களாக வேலை செய்தவர்களும் அந்த ஊர் இளையோரே. பாரபென், தாலேட், டிரைக்ளோசான் இல்லையென்று சீட்டில் எழுதியிருந்த சோப்பு, ஷாம்பு, முகப்பூச்சுகளை மட்டும் 3 நாட்கள் பயன்படுத்தச் சொன்னார்கள். மெத்தில் பாரபென் 44 விழுக்காடும் டிரைக்ளோசான் 36 விழுக்காடும் குறைந்தன. ஆனால் வேறு இரண்டு பாரபென்கள், மிகச் சிறிய அளவில்தான் என்றாலும், கூடியிருந்தன. சீட்டில் எழுதாத ஏதோ ஒன்று அந்த மாற்றுப் பொருள்களில் இருந்திருக்கிறது. ஆய்வாளர்கள் அதை மறைக்காமல் எழுதினார்கள். "இயற்கையானது" என்று பச்சை நிறத்தில் அச்சிட்ட குப்பியை எடுக்கும்போதெல்லாம் எனக்கு இந்தச் செய்தி நினைவுக்கு வருகிறது.

இந்த முதல் சாதிக்கு மருந்தே வேண்டாம். வெந்து கொதிக்கும் சாம்பாரை மெல்லிய பிளாஸ்டிக் பையில் கட்டி வாங்காமல் தூக்குவாளி கொண்டுபோவது, எண்ணெய்ப் பலகாரத்தைச் சூட்டோடு பிளாஸ்டிக் டப்பாவில் அடைக்காமல் இருப்பது, ஏடிஎம் சீட்டைக் கசக்கிக் கையிலேயே வைத்திருக்காமல் இருப்பது, வாசனைப் பொருள்களைக் குறைத்துக்கொள்வது. சூடும் எண்ணெயும் சேரும் இடத்தில்தான் பிளாஸ்டிக் அதிகம் கசிகிறது. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக்கைத் தமிழ்நாட்டு அரசு 2019 ஜனவரி 1 முதல் தடை செய்தது. ஓட்டல் பார்சலில் அந்தத் தடை இன்னும் முழுமையாக இறங்கவில்லை என்பதை நீங்களே தினமும் பார்க்கிறீர்கள்.

இனி இரண்டாம் சாதி. என் மாணவியின் அச்சம் இதைப் பற்றியது. என் உரையின் பெரும்பகுதியும் இதைப் பற்றியதுதான்.

1938 ஏப்ரல் 6 அன்று அமெரிக்காவின் நியூஜெர்சியில், டூபான்ட் நிறுவனத்து ஆய்வுக்கூடத்தில் ராய் பிளங்கெட் என்ற இளம் வேதியியலர் குளிர்பதன வாயு ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தார். உருளையில் நிரப்பியிருந்த வாயு வெளியே வரவில்லை, எடையும் குறையவில்லை. உருளையை அறுத்துப் பார்த்தபோது உள்ளே வழுவழுப்பான வெண்பொடி இருந்தது. அதுதான் டெஃப்லான். 1950-களில் 3எம் நிறுவனத்தில் பாட்ஸி ஷெர்மனின் ஆய்வுக்கூடத்தில் ஒரு திரவம் தவறுதலாகக் காலணியில் சிந்தியது. பட்ட இடத்தில் நீரும் எண்ணெயும் ஒட்டவேயில்லை. சோபாவுக்கும் கம்பளத்துக்கும் கறைபடாப் பூச்சு அதிலிருந்து பிறந்தது. பிறகு மழைக்கோட்டு, பீட்சா பெட்டி, விமானத் தீயை அணைக்கும் நுரை என்று இந்தக் குடும்பம் பெருகியது. இன்று ஆயிரக்கணக்கில் இருக்கும் இப்பொருள்களைச் சுருக்கமாகப் பிஃபாஸ் என்கிறார்கள்.

இவற்றின் உயிர்நாடி கார்பனுக்கும் ஃபுளூரினுக்கும் இடையிலான பிணைப்பு. கரிம வேதியியலில் அதைவிட வலிய ஒற்றைப் பிணைப்பு இல்லை. வெயில் அதை உடைக்காது, சமைக்கும் சூடு உடைக்காது, மண்ணிலுள்ள நுண்ணுயிர்களும் அதைத் தின்று தீர்ப்பதில்லை. எந்தக் குணத்துக்காக விரும்பி வாங்கினோமோ அதே குணத்தால்தான் அவை நம்மை விட்டுப் போகவும் மறுக்கின்றன.

உடலுக்குள் என்ன நடக்கிறது என்று பாருங்கள். இக்குடும்பத்தில் அதிகம் ஆராயப்பட்ட பிஎஃப்ஓஏ, பிஎஃப்ஓஎஸ் இரண்டும் பார்வைக்குக் கொழுப்பு அமிலம் போலிருக்கும். ஆனால் கொழுப்பில் போய்த் தங்குவதில்லை. இரத்தத்திலுள்ள அல்புமின் புரதத்தைப் பற்றிக்கொள்கின்றன, கல்லீரலிலும் சேர்கின்றன. சிறுநீரகம் வடிகட்டி வெளியே தள்ளுவதில் பெரும்பகுதியை, வேண்டிய பொருள் என்று எண்ணி, அதே சிறுநீரகத்தின் நுண்குழல்கள் திரும்ப உறிஞ்சிக்கொள்கின்றன. பித்தநீரோடு குடலுக்கு இறங்குவதும் குடலிலிருந்து மறுபடி இரத்தத்துக்கு ஏறிவிடுகிறது. கலிங்கில் வழிந்த நீரைப் பம்பு வைத்து ஏரிக்கே ஏற்றுவது போல. பெண் எலி பிஎஃப்ஓஏவைச் சில மணி நேரத்தில் வெளியேற்றிவிடும். ஆண் எலிக்குச் சில நாட்கள். மனிதருக்கு ஆண்டுகள். எலியில் பார்த்ததை வைத்து மனிதருக்கு மருந்து சொல்பவர்களிடம் எச்சரிக்கையாக இருக்க இந்த ஒரு செய்தி போதும்.

இது மனிதரின் கதையானது மேற்கு வர்ஜீனியாவின் பார்க்கர்ஸ்பர்க்கில். வில்பர் டென்னன்ட் என்ற விவசாயியின் மாடுகள் ஒவ்வொன்றாகச் செத்தன. அவை நீர் குடித்த ஓடைக்கு மேலே டூபான்ட் ஆலையின் கழிவுக்கிடங்கு. செத்த மாடுகளை அவரே அறுத்துப் பார்த்தார், வீடியோ எடுத்தார். உள்ளூரில் யாரும் காதுகொடுக்காததால் 1998-இல் ராப் பிலட் என்ற வழக்கறிஞரை அழைத்தார். டெஃப்லான் செய்யப் பயன்பட்ட பிஎஃப்ஓஏ அந்த வட்டாரத்துக் குடிநீரெங்கும் பரவியிருந்தது வழக்கில் தெரியவந்தது. சமரசத்தில் கிடைத்த பணத்தின் ஒரு பகுதியை மக்கள் தங்களுக்குள் பங்கிட்டுக்கொள்ளாமல் ஒரு பெரும் மருத்துவ ஆய்வுக்குக் கொடுத்தார்கள். 2005, 2006 ஆண்டுகளில் ஏறத்தாழ 69,000 பேர் அந்த ஆய்வில் சேர்ந்தார்கள். வழக்கின் இரு தரப்பும் ஒப்புக்கொண்ட அறிவியல் குழு 2012 வரை உழைத்து ஆறு நோய்நிலைகளோடு தொடர்பு இருக்கக்கூடும் என்று அறிவித்தது: சிறுநீரகப் புற்று, விரைப் புற்று, தைராய்டு நோய், பெருங்குடல் புண் அழற்சி, மிகை கொலஸ்ட்ரால், கர்ப்பகால உயர் இரத்த அழுத்தம். டென்னன்ட் 2009-இலேயே மாரடைப்பால் இறந்துபோனார். அவர் கேட்ட கேள்விக்கான விடையை அவர் பார்க்கவில்லை. 2023 இறுதியில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை பிஎஃப்ஓஏவை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வரிசையில் வைத்தது.

இந்தப் பொருள்கள் ஆலையிருக்கும் ஊரோடு நிற்பவை அல்ல என்று உலகுக்குக் காட்டியதில் தமிழர் ஒருவரின் பங்கு பெரிது. கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் படித்து, ஜப்பானின் எஹிமே பல்கலைக்கழகத்தில் ஆய்வுப் பட்டம் பெற்ற குருந்தாச்சலம் கண்ணன், சக ஆய்வாளர் ஜான் கீஸியோடு சேர்ந்து 2001-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஆர்க்டிக் பனிக்கரடி, நடுக்கடல் தீவின் ஆல்பட்ராஸ் பறவை, சீல், கழுகு என்று எங்கெங்கோ வாழும் உயிர்களின் உடலில் பிஎஃப்ஓஎஸ் இருப்பதை அந்தக் கட்டுரை வரிசையாக எடுத்து வைத்தது. சோபாவே இல்லாத இடத்தில் வாழும் விலங்கின் உடலில் சோபாப் பூச்சு. நம் மாணவர்கள் இந்தப் பெயரைத் தெரிந்திருக்க வேண்டும்.

சரி, ஏறியதை எப்படி இறக்குவது?

இதற்கு மிகத் தெளிவான விடை சுவீடனின் ரோன்னெபி நகரிலிருந்து வந்தது. அங்குள்ள இராணுவ விமானதளத்தில் பல ஆண்டுகள் தீயணைப்பு நுரையைக் கொட்டிப் பயிற்சி செய்தார்கள். அது நிலத்தடியில் இறங்கி, ஊரின் மூன்றில் ஒரு பங்கு வீடுகளுக்கு நீர் கொடுத்த நீரேற்று நிலையத்தை அடைந்தது. 2013 டிசம்பரில் சோதித்தபோது லிட்டருக்கு 10,000 நானோகிராமுக்கும் மேல் பிஃபாஸ் இருந்தது. ஒரு கிராமை நூறு கோடியாகப் பங்கிட்டால் ஒரு பங்குதான் நானோகிராம். அவ்வளவு சிறியதா என்று எண்ண வேண்டாம். அமெரிக்க அரசு 2024-இல் பிஎஃப்ஓஏவுக்கும் பிஎஃப்ஓஎஸுக்கும் விதித்த வரம்பு லிட்டருக்குத் தலா 4 நானோகிராம்.

அந்த நீரேற்று நிலையத்தை உடனே மூடி, வேறிடத்து நல்ல நீரை ஊருக்குத் திருப்பிவிட்டார்கள். வரத்து ஒரே நாளில் அடைபட்டது. அதன் பிறகு 106 பேரின் இரத்தத்தைத் தொடர்ந்து சோதித்தார்கள். மருந்து இல்லை, பத்தியம் இல்லை. உடல் தானாகவே இறக்கியது. பிஎஃப்ஓஏ பாதியாகச் சராசரியாக 2.7 ஆண்டு; பிஎஃப்ஓஎஸ் பாதியாக 3.4 ஆண்டு, பிஎஃப்ஹெச்எக்ஸ்எஸ் என்ற மற்றொன்றுக்கு 5.3 ஆண்டு. 100 பங்கு பிஎஃப்ஓஎஸ் இருந்தவருக்கு மூன்றரை ஆண்டில் 50, ஏழு ஆண்டில் 25. பார்க்கர்ஸ்பர்க்கின் அக்கரையில் குடிநீருக்குக் கரி வடிகட்டி அமைத்தபோதும் முதல் ஆண்டிலேயே மக்களின் இரத்தத்தில் பிஎஃப்ஓஏ கால்பங்கு அளவு குறைந்தது.

இயற்கையாக இறக்குவது என்றால் எனக்குத் தெரிந்து இதுதான். உடல் மெதுவாக, ஆனால் நிற்காமல் வெளியேற்றுகிறது. மேலே ஊற்றுவதை நாம் நிறுத்த வேண்டும்.

காலத்தைச் சுருக்க வழியே இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு, சில உண்டு. அவற்றின் அளவையும் விலையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத் தீயணைப்பு வீரர்கள் 285 பேரை மூன்று குழுவாகப் பிரித்து ஓராண்டு ஆய்வு நடத்தினார்கள். முடிவு 2022-இல் வெளியானது. ஒரு குழு 6 வாரத்துக்கு ஒருமுறை பிளாஸ்மா கொடுத்தது. ஒரு குழு 12 வாரத்துக்கு ஒருமுறை இரத்தம் கொடுத்தது. மூன்றாம் குழு ஒன்றும் செய்யவில்லை. பிளாஸ்மா கொடுத்தவர்களுக்குப் பிஎஃப்ஓஎஸ் ஏறக்குறைய கால்பங்கு குறைந்தது, இரத்தம் கொடுத்தவர்களுக்குப் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு. சும்மா இருந்தவர்களுக்குக் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. அல்புமினைப் பற்றிக்கொண்டிருக்கும் பொருள், அல்புமினோடு வெளியேறுகிறது, காரணம் எளிது. மாதவிடாய் உள்ள பெண்களுக்கு அதே வயது ஆண்களைவிட இப்பொருள்கள் குறைவாக இருப்பதற்கும் இது ஒரு காரணம். ஆனால் நுரையில் நின்று வேலை செய்தவர்களின் உடலுக்கு இது பொருந்தும் என்பதற்காக, தன் உடலைக் கழுவிக்கொள்ள எல்லோரும் இரத்தம் கொடுக்கலாம் என்று நான் சொல்லமாட்டேன். இரத்ததானம் செய்யுங்கள், அடிபட்டுக் கிடப்பவருக்காகச் செய்யுங்கள்.

டென்மார்க்கின் கோர்சர் நகரில் நடந்தது இன்னும் வேதனையானது. ஊர்க்காரர்கள் சங்கம் அமைத்து, இயற்கை முறையில் புல்வெளியில் மாடு மேய்த்து, அந்த இறைச்சியைப் பகிர்ந்து உண்டார்கள். அந்தப் புல்வெளி தீயணைப்புப் பயிற்சிப் பள்ளிக்குப் பக்கத்தில் இருந்தது. 2021-இல் அவர்கள் இரத்தத்தைச் சோதித்தபோது பிஎஃப்ஓஎஸ் மிக அதிகம். பிறகு அவர்களில் 45 பேருக்குக் கொலஸ்டிரமைன் என்ற பழைய கொலஸ்ட்ரால் மருந்தை 12 வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். அது குடலில் பித்தநீரைப் பற்றி மலத்தோடு வெளியேற்றும் பிசின். பித்தநீரோடு இறங்கும் பிஎஃப்ஓஎஸும் சேர்ந்தே வெளியேறியதால் இரத்தத்தில் அளவு 60 விழுக்காடு குறைந்தது. இது மருத்துவர் கையில் இருக்க வேண்டிய மருந்து. மலச்சிக்கல் தரும், பிற மருந்துகளையும் வைட்டமின்களையும் உடலில் சேரவிடாமல் தடுக்கும். மிக அதிகம் பாதிக்கப்பட்டவர்களுக்கே இது பற்றிப் பேசலாம்.

அந்தப் பிசின் செய்யும் வேலையை நார்ச்சத்து கொஞ்சமாவது செய்யாதா? ஓட்ஸிலும் பார்லியிலும் உள்ள கூழ்ம நார்ச்சத்தும் பித்தநீரைப் பிடித்துவைக்கும். கனடாவில் கொலஸ்ட்ராலுக்காக 4 வாரம் ஓட்ஸ் நார்ச்சத்து உண்ட ஆண்களின் இரத்த மாதிரிகளை எடுத்து, பின்னால் பிஃபாஸுக்காகச் சோதித்தார்கள். பிஎஃப்ஓஏவும் பிஎஃப்ஓஎஸும் 8 விழுக்காடு அளவுக்குக் குறைந்திருந்தன. சிறிய ஆய்வு, சிறிய பலன். ஆனால் உணவால் போக்கை விரைவுபடுத்தலாம் என்பதற்கு இதுவரை நான் கண்ட நேர்மையான சான்று இதுதான். பருப்பு, கீரை, காய்கறி, முழுத்தானியம் உண்ண நமக்கு வேறு நூறு நல்ல காரணங்கள் இருக்கின்றன. இதை நூற்றொன்றாவது காரணமாக வைத்துக்கொள்ளலாம்.

வியர்வையில் போகுமா? இப்பொருள்கள் வியர்வையில் சொல்லத்தக்க அளவில் வெளியேறுவதில்லை. பேதி மருந்து, எலுமிச்சைச் சாறு, நீராவிக் குளியல் எதற்கும் சான்று இல்லை. முருங்கைக்கீரைப் பொடிக்கும் இல்லை. முருங்கையை முருங்கைக்காகச் சாப்பிடுங்கள். பட்டினி கிடப்பது சில வேளை கேடும் செய்யும். டிடிடியின் எச்சம், பிசிபி போன்ற பழைய நஞ்சுகள் கொழுப்பில் தங்குபவை. உடல் வேகமாக மெலியும்போது கொழுப்பிலிருந்து கரைந்து அவை இரத்தத்தில் ஏறுகின்றன. பால் கொடுக்கும் தாய் அவசரமாக மெலியக்கூடாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

தாய்ப்பாலுக்கு வருகிறேன். பால் வழியே இவை குழந்தைக்குப் போகின்றன என்பது உண்மை. டென்மார்க்கைச் சேர்ந்த ஃபாரோ தீவுகளில், இரத்தத்தில் பிஃபாஸ் அதிகமிருந்த குழந்தைகளுக்குத் தடுப்பூசியால் உண்டாகும் எதிர்ப்பாற்றல் குறைவாக இருந்ததை 2012-இல் வெளியான ஆய்வு காட்டியது. இதை மறைத்து ஆறுதல் சொல்வது சரியல்ல. ஆனால் பால் நிறுத்தினால் குழந்தை இழப்பது அதைவிடப் பெரிது. தொற்றிலிருந்து காப்பு போகும். பால்மாவைக் கரைக்கும் நீர் அதே குழாயிலிருந்து வரும். உலக சுகாதார நிறுவனம் தாய்ப்பாலைத்தான் தொடர்ந்து பரிந்துரைக்கிறது. என் மாணவிக்கு அன்றிரவு சொன்னதை இந்த மேடையில் மறுபடியும் சொல்கிறேன்: நிறுத்தாதே அம்மா.

வீட்டில் செய்யக்கூடியவற்றை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். நீரைக் கொதிக்க வைத்தால் பிஃபாஸ் போகாது. நீர் வற்றுவதால் செறிவு கூடத்தான் செய்யும். ஆர்ஓ சவ்வு நன்றாகப் பிடிக்கும். கரி வடிகட்டியும் பிடிக்கும், உரிய காலத்தில் மாற்றினால். தரைத்தூசியில் இவையும், மின்னணுப் பொருள்களிலும் மெத்தைப் பஞ்சிலும் சேர்க்கும் தீத்தடுப்பு வேதிப்பொருள்களும் படிந்திருக்கும். தவழும் குழந்தை கையை வாயில் வைக்கும். ஆகவே காய்ந்த துடைப்பத்தால் தூசியைக் கிளப்பாமல் ஈரத்துணியால் துடையுங்கள். சாப்பிடும் முன் கை கழுவுங்கள். கறைபடாது, நீர் ஒட்டாது என்று விற்கும் துணியையும் சோபாவையும் தவிர்த்துவிடலாம்.

நான்-ஸ்டிக் தவாவைப் பற்றி நியாயமாகப் பேச வேண்டும். அந்தப் பூச்சு துணுக்காக வயிற்றுக்குள் போனால் பெரும்பாலும் அப்படியே வெளியேறிவிடும். நம் இரத்தத்தில் ஏறியதில் பெரும்பகுதி நீர் வழியும் உணவு வழியும் வந்தது. தவாவின் குற்றம் அது பிறந்த ஆலையில் இருக்கிறது. வெறும் தவாவைக் கடும் சூட்டில் வைத்தால் எழும் புகை வளர்ப்புப் பறவைகளைக் கொல்லும் அளவுக்குக் கொடியது. என் அம்மாவின் இரும்புத் தோசைக்கல் இன்றும் என் அடுப்பில் இருக்கிறது. வெங்காயத்தைப் பாதியாக நறுக்கி எண்ணெயில் தொட்டுத் தேய்த்தால் நான்கு தலைமுறைக்கு ஒட்டாது. பழையதெல்லாம் நல்லது என்று இதற்குப் பொருளில்லை. ரசம் வைக்கும் ஈயச்சொம்பு வெள்ளீயத்தில் செய்ய வேண்டியது. அதில் காரீயம் கலந்திருந்தால் அது மெய்யான நஞ்சு.

இவ்வளவையும் நாம் செய்தாலும், வரத்துக்காலின் மதகு நம் வீட்டில் இல்லை. 3எம் நிறுவனம் பிஎஃப்ஓஎஸ் உற்பத்தியை நிறுத்தப்போவதாக 2000 மே மாதம் அறிவித்தது. 1999-2000-இல் எடுத்த அளவோடு 2017-2018-இல் எடுத்ததை ஒப்பிட்டால், அமெரிக்க மக்களின் இரத்தத்தில் பிஎஃப்ஓஎஸ் 85 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்திருக்கிறது. அவர்களில் பெரும்பாலோர் அந்தப் பெயரையே கேள்விப்பட்டிருக்கமாட்டார்கள். எந்தப் பொடியும் குடிக்கவில்லை. ஆலையில் நிறுத்தினார்கள், உடலில் இறங்கியது. சுவீடனில் தாய்ப்பாலைப் பல பத்தாண்டுகள் சேமித்துச் சோதித்தவர்கள் இதே பாடத்தை முன்பே கண்டார்கள். டிடிடியும் பிசிபியும் தடைக்குப் பின் ஆண்டுக்காண்டு குறைந்தன; யாரும் கவனிக்காத தீத்தடுப்புப் பொருள்களோ 1972 முதல் 1997 வரை ஐந்தாண்டுக்கு ஒருமுறை இரட்டித்தன. எளிதில் சிதையாத நஞ்சுகளைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை பிஎஃப்ஓஎஸை 2009-இலும் பிஎஃப்ஓஏவை 2019-இலும் தன் பட்டியலில் சேர்த்தது. டென்மார்க் 2020-இல் உணவுத்தாளில் பிஃபாஸைத் தடை செய்தது. ஆனால் ஒன்றைத் தடுத்தால் அதே குடும்பத்தின் வேறொன்று அதன் இடத்துக்கு வந்துவிடுகிறது. அதனால் குடும்பம் முழுவதையும் சேர்த்தே தடுக்க வேண்டும் என்ற வாதத்தை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன்.

ரோன்னெபி மக்கள் வழக்குத் தொடுத்தார்கள். நோய் எதுவும் இன்னும் வரவில்லையே, இழப்பீடு எதற்கு என்று எதிர்த்தரப்பு கேட்டது. 2023 டிசம்பரில் சுவீடன் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது: இரத்தத்தில் அந்த அளவு பிஃபாஸ் ஏறியிருப்பதே உடலுக்கு நேர்ந்த காயம்தான். வேதியியல் படித்தவர்களும் சட்டம் படிப்பவர்களும் சேர்ந்து வாசிக்க வேண்டிய தீர்ப்பு அது.

நம் ஊர் நிலை என்ன? சென்னையின் நீர்நிலைகளில் பிஃபாஸ் இருப்பதைச் சென்னை ஐஐடி ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். அந்தச் செய்தியைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டது. ஆனால் இந்தியத் தரநிர்ணய அமைவனம் 2012-இல் வெளியிட்ட குடிநீர்த் தரநிர்ணயத்தில் காரீயம் இருக்கிறது, டிடிடி இருக்கிறது. பிஃபாஸுக்கு வரம்பு இல்லை. வரம்பு இல்லாததை யாரும் வழக்கமாகச் சோதிப்பதில்லை. சோதிக்காததால் இல்லை என்று நம்பிக்கொள்கிறோம்.

இங்கே அமர்ந்திருக்கும் மாணவர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் மாநகராட்சியோ நகராட்சியோ ஊராட்சியோ தரும் குடிநீரில் பிஃபாஸ் சோதனை செய்யப்பட்டதா, எப்போது, எந்த ஆய்வகத்தில், எத்தனை நானோகிராம் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி மனு எழுதுங்கள். மனுவுக்குக் கட்டணம் 10 ரூபாய். சோதிக்கவில்லை என்று பதில் வந்தால் அந்தப் பதிலைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, அடுத்த ஆண்டும் அதே மனுவை எழுதுங்கள்.